ஒற்றை முட்டையும் நாலு மணி வண்டியும்

1

இந்தக் கதை எங்கள் சமையலறை மேடையில் கிடைத்தது. டீ போடப் போனேன். அண்ணனின் பிளாஸ்க்கில் அண்ணி ஒரு சீட்டு ஒட்டியிருந்தார்: "குடித்தால் கொலை." அன்றே எழுத உட்கார்ந்துவிட்டேன். என் புத்தி அப்படி.

முதல் வரி: கடல் நீலமாக இருந்தது, அதன் நடுவே

(அண்ணி படித்துவிட்டு, "வேற எப்படி இருக்கும்?" என்றார். அடித்துவிட்டேன்.)

2

சரி, அண்ணியிலிருந்து தொடங்குகிறேன். நடுக்கடலில் சில சமயம் கூழ்ப்பந்து ஒன்று மிதக்கும். ஓர் அறை அளவுகூட இருக்கும், கண்ணாடி மாதிரி தெரியும், உள்ளே ஆயிரக்கணக்கில் கணவாய் முட்டைகள். முக்குளிப்பவர்கள் படம் எடுத்து அனுப்புவார்கள். அது எந்த இனத்துக் கணவாயின் முட்டை என்று சொல்வதுதான் அண்ணியின் வேலை.

படத்தை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. ஒரு முட்டையாவது கெடாமல் ஸ்பிரிட்டில் போட்டு, மரபணு பார்க்கும் ஆய்வுக்கூடத்துக்குப் போக வேண்டும். ஆறு வருடத்தில் நாற்பத்தோரு படங்கள் வந்தன, ஒரு முட்டைகூட வரவில்லை. நாற்பத்தோரு படிவங்களிலும் 'இனம்' என்ற கட்டத்தில் 'தெரியவில்லை' என்று பென்சிலால் எழுதியிருக்கிறார், என்றாவது அழிக்கலாம் என்று. பென்சில்கள் தேய்ந்து தீர்ந்தன. ரப்பர் புதுசாகவே இருக்கிறது.

3

அண்ணன் படகில் முக்குளிப்பவன். ஒவ்வொரு பயணத்துக்கும் அண்ணி ஸ்பிரிட் குப்பி கொடுத்தனுப்புவார். இந்த முறை பந்து கண்ணில் பட்டது. இருநூறு முட்டைகளை பிளாஸ்க்கில், கடல்தண்ணீரோடு அள்ளிக்கொண்டான்.

"ஸ்பிரிட் ஊத்தலியா?" என்றார் அண்ணி.

"கண்ணு தெரிஞ்சுது."

"யாருக்கு?"

"முட்டைக்கு. உள்ள ரெண்டு கறுப்புக் கண்ணு. ஊத்த மனசு வரல."

நாலு நாள் தண்ணீர் மாற்றியிருக்கிறான். அழுகியதை அவ்வப்போது கடலில் கொட்டியிருக்கிறான், மற்றவை பிழைக்கட்டும் என்று.

"செத்தத உடனே ஸ்பிரிட்ல போட்டிருந்தாலே போதுமே!" அண்ணி தலையில் கைவைத்துக்கொண்டார்.

"அது தோணல. உயிரோட இருக்கறத மட்டுந்தான் பாத்துக்கிட்டிருந்தேன்."

வீடு வந்து சேர்ந்தது ஒரே ஒரு முட்டை.

(இங்கே எனக்கு அண்ணன்மேல் சந்தேகம். பொரித்த மீனில் பெரிய துண்டு தனக்கு வரவில்லையென்றால் முகம் தூக்கிக்கொள்கிறவன், முட்டைக் கண்ணுக்கு உருகுவானா? நீங்கள் நம்பமாட்டீர்கள் என்று அவனைக் கொஞ்சம் கறாரான ஆளாக மாற்றி எழுதினேன். அண்ணி தாளைத் திருப்பித் தந்தார்: "யாரு இது? நான் கட்டிக்கிட்ட ஆள் இல்லையே.")

4

பிளாஸ்க்கிலிருந்து மாற்றி, இப்போது கண்ணாடிக் கிண்ணத்தில் முட்டை இருக்கிறது. மீன் தொட்டிக் குழாய் அதற்குள் குமிழ் விடுகிறது; ஸ்பிரிட் ஊற்றுவதென்றால் முதலில் அதை நிறுத்த வேண்டும். ஆய்வுக்கூடத்துக்கு மாதிரிகளை எடுத்துப்போகும் வண்டி இன்று நாலு மணிக்கு வரும், அடுத்தது ஒரு மாதம் கழித்து. இப்போது ஸ்பிரிட் ஊற்றினால் பெயர் நிச்சயம். காத்திருந்தால் ரெண்டு நாளில் பொரியலாம். ஆனால் கூழைவிட்டுப் பிரிந்த முட்டை பிழைப்பது அபூர்வம். யாரும் கவனிக்காத நேரத்தில் செத்தால் கரைந்து போகும், பெயரும் போகும்.

பொரிந்த பிறகு ஊற்றலாமே என்பீர்கள். நீந்துகிற குஞ்சின்மேலா? அண்ணனை விடுங்கள், அண்ணிக்கே கை வராது. குஞ்சின் புள்ளிகளை வைத்து ஊகிக்கலாம். ஊகத்தையும் அவர் பென்சிலால்தான் எழுதுவார்.

முடிவு அ: அண்ணி ஊற்றுகிறார். பெயர் வருகிறது. ரப்பரை எடுக்கிறார். அண்ணன் அன்று சாப்பாட்டில்

(முடிக்க முடியவில்லை.)

முடிவு ஆ: குஞ்சு பொரிகிறது. மூவரும் கண்கலங்குகிறோம்.

(அண்ணி குறுக்கே கோடு போட்டார்: "பாக்காதத எழுதாத தம்பி. தெரியலன்னா தெரியலன்னு எழுது.")

5

பார்த்ததை எழுதுகிறேன்.

மூன்று ஐம்பது. அண்ணி கையில் ஸ்பிரிட் குப்பி. அண்ணன் பக்கத்தில் வந்து நின்றான்.

"ஊத்திடு. ஆறு வருஷம் காத்துட்ட. தப்பு என்னோடது." சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அண்ணி கிண்ணத்தின்மேல் குனிந்தார். ரெண்டு கறுப்புப் புள்ளிகள். வெகுநேரம் பார்த்தார்.

"நாம வேணா மாத்தி மாத்தி முழிச்சுப் பாத்துக்கிட்டா…"

"வேணாம், ஊத்து."

"இல்லங்க, நீங்க நாலு நாளு…"

இவர்கள் ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் விட்டுக்கொடுத்து நான் பார்த்ததே இல்லை. எப்போதும் ஒருவர் முரண்டு பிடிப்பார், மற்றவர் இறங்கி வருவார், வீடு நடக்கும். இப்போது முரண்டு பிடிக்க ஆளில்லை. எனக்கு இருவரையும் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

வாசலில் ஹாரன். நான்தான் போனேன். அதனால் அதன் பிறகு உள்ளே நடந்ததை நான் பார்க்கவில்லை. பார்க்காததை எழுதக் கூடாது, உத்தரவு.

வண்டிக்காரர் அட்டையில் செருகிய படிவத்தை நீட்டுகிறார். "சாம்பிள் இருக்கா, இல்லையா? சீக்கிரம் சொல்லுங்க."

ஒரு நிமிடம் என் இடத்தில் வந்து நில்லுங்கள். உள்ளே அந்தக் குமிழ்ச் சத்தம் இன்னும் கேட்கிறதா என்று காதைக் கொடுங்கள். பிறகு அவருக்கு நீங்களே பதில் சொல்லுங்கள்.