வலதுபக்கப் பெட்டி

இல்லை, கண்தான் தப்பாகப் பார்க்கிறது, சாப்பிட்ட மயக்கத்தில் எழுத்து இடம் மாறித் தெரியும், கண்ணாடியைத் துடைத்துப் போட்டால் சரியாகிவிடும் என்று கைக்குட்டையால் துடைத்துப் போட்டுப் பார்த்தேன், சரியாகவில்லை, அங்கேயேதான் இருந்தார், வலதுபக்கப் பெட்டியில், முதல் வரியில், இனிஷியலோடு, 'நம் பள்ளியின் முன்னாள் தலைமையாசிரியர்' என்ற அடைமொழியோடு, முழு மரியாதையாக என் மாமனார் செத்துப் போயிருந்தார். காலை ஆறரை மணிக்கு முதுகுக்குத் தலையணை வைத்து நான் உட்காரவைத்த மனிதர், பால் ஆறிப்போச்சு என்று மணியடித்து என்னை இரண்டு தடவை அடுப்படிக்கு ஓடவிட்ட மனிதர்... சுவர்க் கடிகாரத்தில் இரண்டு ஐந்து. இரண்டே முக்காலுக்கு இந்தத் தாள் ஒவ்வொரு பிள்ளையின் டைரிக்குள்ளும் போகும், மூன்று மணிக்கு டைரி வீட்டுக்குப் போகும். கையிலிருந்த தாளை மடித்த மடிப்பிலேயே மடித்துப் பைக்குள் வைத்து, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அலுவலக அறையைப் பூட்டக்கூடத் தோன்றாமல் வெளியே வந்தேன்.

பதினோரு வருஷமாக இந்தத் தாள் என் வேலை. வருகைப் பதிவேடு, மாற்றுச் சான்றிதழ், தொலைந்துபோன தண்ணீர் பாட்டில் எல்லாவற்றோடும் வாராவாரம் வெள்ளிக்கிழமை ஒரு தாள், மேலே அந்த வாரத்து மாதாகோயில் பூசை நேரம், நடுவில் விளையாட்டுப் போட்டியில் யார் ஜெயித்தார்கள், யார் வீட்டில் குழந்தை பிறந்திருக்கிறது, எந்தப் பிள்ளைகள் முதல் நற்கருணையாகப் புதுநன்மை வாங்கப்போகிறார்கள், கீழே இரண்டு பெட்டி. இடதுபக்கம், நோயுற்றோர் நலம்பெற மன்றாடுவோம். வலதுபக்கம், இறந்தோர் இளைப்பாற்றிக்காக மன்றாடுவோம். யாரும் ஒவ்வொரு வாரமும் புதிதாகத் தட்டச்சு செய்வதில்லை, போன வாரத்துத் தாளைத் திறந்து மாற்ற வேண்டியதை மாற்றுவேன், இடதுபக்கம் இருக்கிற ஒருவர் போய்ச்சேர்ந்தால் அந்த வரியை அங்கே வெட்டி இங்கே ஒட்டுவேன், அவ்வளவுதான், ஒரு ஆயுசு முடிய இரண்டு விரல் போதும். இந்த வாரம் செவ்வாய்க்கிழமை போனவர் கோயில் பாடகர் குழுவின் ஆர்மோனியக்காரர். அவர் நாலாவது வரி. மாமனார் மூன்றாவது வரி, ஐம்பத்தேழு வெள்ளிக்கிழமையாக அசையாமல் மூன்றாவது வரி. நான் மூன்றை வெட்டி ஒட்டியிருக்கிறேன். ஆர்மோனியக்காரர் பாவம், புதன்கிழமை அடக்கமாகியும் இடதுபக்கம் நலம்பெறக் காத்திருக்கிறார்.

விரல் ஒரு வரி தவறிவிட்டது, தவறாதா, ஃபோன் ஒரு பக்கம், ரப்பரை விழுங்கிவிட்டேன் என்று அழுதுகொண்டு ஒரு வாண்டு ஒரு பக்கம்... தவறும். ஆனால் பதினோரு வருஷத்தில் தவறாதது இந்த வரியில் ஏன் தவற வேண்டும்? ஒட்டிய பிறகு படித்துப் பார்த்தேனே, எப்போதும் சத்தமாகத்தானே படிப்பேன், அவர் பெயரை வாய்விட்டுப் படித்துவிட்டு, சரி என்று சொல்லிவிட்டுத்தானே மெஷினில் போட்டேன். சரி என்று. போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே செருப்பு மாட்டும்போது ஒரு அம்மா கேட்டாள், "இன்னும் இருக்காரா உங்க மாமனார்?" நான் "இருக்கார்" என்றேன். சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது நான் அதைச் சொன்ன தொனி, வாடகைக்கு வந்தவர் காலி பண்ணிவிட்டாரா என்று கேட்டவருக்குச் சொல்கிற பதில் போல. அந்த அம்மா புரிந்துகொண்ட மாதிரி தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலுக்காகவே அவளை இந்த வாரம் முழுக்க மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன்.

ஒன்றாம் வகுப்பு இரண்டு பிரிவும் சுலபமாக முடிந்தது, கட்டு இன்னும் பிரிக்காமல் மேஜை மேலேயே இருந்தது. "தேதி தப்பாப் போச்சு டீச்சர், திங்கக்கிழமை வேற தர்றேன்" என்று சொல்லி எடுத்துக்கொண்டேன். பொய் எவ்வளவு வழவழப்பாக வருகிறது. இரண்டாம் வகுப்பில் ஏற்கெனவே டைரிக்குள் போயிருந்தது, ஒவ்வொரு டைரியாகத் திறந்து உருவ வேண்டியிருந்தது, ஒருத்தி கப்பல் செய்துவிட்டாள், தரமாட்டேன் என்று நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள், வேறு வெள்ளைத்தாள் கொடுத்து வாங்கினேன், கப்பலைப் பிரித்தால் மடிப்புக்கு நடுவே மாமனார். மூன்றாம் வகுப்பு. நாலாம் வகுப்பில் ஆ பிரிவு மட்டும் வாங்கிக்கொண்டு அ பிரிவைக் கடந்து போனேன், அது என் நாத்தனாருடைய வகுப்பு, மாமனாரின் சொந்த மகள், கடைசியில் பார்த்துக்கொள்ளலாம், அவள் எப்போதும் மணியடிக்கிற நேரத்தில்தான் தாளைக் கொடுப்பாள், கடைசியில்... படிக்கட்டில் தலைமைச் சகோதரி எதிரே வந்தார். "என்னம்மா, கட்டு கட்டா எங்க ஓட்டம்?" "தேதி தப்பு, சிஸ்டர்." "அதுக்கு ஏம்மா முகம் இப்படி வேர்க்குது, பேனாவால திருத்திக்கச் சொல்லலாமே." "இல்ல சிஸ்டர், வேற அடிச்சுடறேன்." கன்னியாஸ்திரியிடம் சொன்ன பொய்க்குத் தனிக் கணக்கு உண்டா என்று தெரியவில்லை. உண்மையைச் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார், நல்ல மனுஷி, மனித இயல்புதான் என்று சொல்லியிருப்பார், அதுதான் பயம்.

யாருக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். இந்த ஊரில் பிள்ளைகளைப் பெற்றவர்களில் பாதிப் பேர் அவரிடம் படித்தவர்கள், குட்டு வாங்கியவர்கள். நாலு மணிக்கு மாலையோடு வாசலில் நிற்பார்கள், உள்ளே அவர் தலையணையில் சாய்ந்து, யாரு வந்திருக்கா என்று மணியடிப்பார். பழைய பள்ளி மேஜை மணி அது, ஓய்வு பெறும்போது கொடுத்தது, இப்போது படுக்கையோரம். தண்ணீருக்கு ஒரு அடி, கழிவறைக்கு இரண்டு, ஜன்னலைச் சாத்த மூன்று. அதைவிட மோசம் ஒன்று இருக்கிறது, இந்தத் தாளை அவர் படிப்பார். முதல் பிரதி எப்போதும் அவருக்கு, மெஷினிலிருந்து வந்த சூட்டோடு மடித்துப் பையில் வைத்துவிடுவேன். வெள்ளி சாயங்காலம் சிவப்புப் பென்சிலோடு காத்திருப்பார், கை நடுங்க நடுங்க வட்டம் போட்டு, அடியில் மதிப்பெண் போடுவார். பத்துக்கு ஏழு. ஒரே ஒரு தடவை எட்டு, அன்றைக்குக் காய்ச்சல் அவருக்கு. வேலை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான், நான் மருமகளாக வந்த மூன்றாம் மாதம், 'வீட்டில சும்மா இருக்க வேண்டாம்' என்று கையைப் பிடித்துக் கூட்டிவந்து இந்த நாற்காலியில் உட்காரவைத்தார். அதை நான் மறக்கவில்லை. மறக்காமல் இருப்பதுதான் கஷ்டமாக இருக்கிறது, மறந்திருந்தால் நிம்மதியாக வெறுத்திருக்கலாம்.

ஐந்தாம் வகுப்பு வாசலில் என் கால் நின்றுவிட்டது. வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் அவர்கள் அந்த இரண்டு பெட்டியையும் வாய்விட்டுப் படித்து ஆளுக்கொரு அருள்நிறைந்த மரியே ஜெபம் சொல்வார்கள், இரண்டு பிரிவும் ஒரே அறையில் சேர்ந்து, இதை எப்படி மறந்தேன், முதலில் இங்கே அல்லவா வந்திருக்க வேண்டும்... வகுப்புத் தலைவி, இரட்டைப் பின்னல் போட்ட பெண், தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முன்னால் நின்றாள், எண்பத்துச் சொச்சம் பிள்ளைகள் கண்ணை மூடிக் கைகுவித்து, "நம் பாடகர் குழுவின் ஆர்மோனிய ஆசிரியர் விரைவில் எழுந்து நடமாட..." என்று அவள் சொல்ல, அத்தனை பேரும் மனசாரத் தொடங்கினார்கள். ஒரு பொடியன் மட்டும் கண்ணைத் திறந்து பக்கத்தில் இருந்தவனிடம், "அவருதான் செத்துட்டாரேடா" என்றான். "சும்மா இரு, சொன்னா சொல்லணும்" என்றான் மற்றவன். அவர்கள் ஆமென் சொல்லி முடிப்பதற்கும் அவள் கண் வலதுபக்கம் நகர்வதற்கும் இடையில் நான் உள்ளே போய்விட்டேன், அவள் கையிலிருந்து தாளைப் பிடுங்கினேன், பிடுங்கினேன்தான், கேட்டு வாங்கவில்லை. "இன்னும் இறந்தவங்களுக்குச் சொல்லலையே மிஸ்" என்றாள், உதடு பிதுங்கியது. "இந்த வாரம் யாரும் இல்லம்மா" என்றேன். அந்தப் பதில் எனக்குள் போய் எங்கேயோ முட்டியது, மேஜைமேல் இருந்த மற்றத் தாள்களையும் வாரிக்கொண்டு வெளியே வந்தேன்.

இரண்டு ஐம்பது. இரண்டு கையிலும் கட்டுகளை அணைத்துக்கொண்டு நாலாம் வகுப்பு அ பிரிவுக்கு வந்தபோது பிள்ளைகள் கரும்பலகையிலிருந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தார்கள். நாத்தனார் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், நான் வந்ததும் எழுந்திருக்கவில்லை. எனக்கு அவள்மேல் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கோபம் உண்டு, ஞாயிறுதோறும் வந்து அப்பாவின் நெற்றியைத் தடவி, நகம் வெட்டி, 'நான் ஒரு மாசம் வச்சுக்கறேன் அண்ணி' என்று சொல்லிவிட்டுப் பஸ் பிடித்துப் போகிறவள். சொல்லிச் சொல்லி அந்த ஒரு மாசத்துக்கு ஒரு வயசாகிவிட்டது. இப்போது நான்தான் அவள் முன்னால் குற்றவாளி. "தேதி தப்பா..." என்று ஆரம்பித்தேன்.

"தேதி சரியாத்தான் இருக்கு அண்ணி," என்றாள், மேஜை இழுப்பறையைத் திறந்தாள், கட்டு முழுசாக இருந்தது, மேல் தாள் மட்டும் கசங்கியிருந்தது. "நான் யாருக்கும் கொடுக்கல. காலையில முதல் வேளையே பார்த்துட்டேன்."

காலையிலா. நான் கொண்டுவந்து வைத்ததே ஒன்பதரைக்கு. "பார்த்துட்டு ஏன் என்கிட்ட வரல? ஒரு வார்த்தை..." பிள்ளைகளுக்குக் கேட்காமல் பேச வேண்டியிருந்தது, குரல் காற்றாக வந்தது. அவள் சிவப்பு மைப்பேனாவின் மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தாள், அப்பன் விரல் அப்படியே. "வரத்தான் எழுந்தேன். நெஜம்னு நெனச்சுட்டேன் அண்ணி. நான் வகுப்புல இருக்கேன்னு எனக்குச் சொல்லாம, வீட்ல இருந்து உங்களுக்கு ஃபோன் வந்து, நீங்க அவசரமாப் போட்டுட்டீங்கன்னு. எழுந்து கதவு வரைக்கும் வந்துட்டேன். அங்க நின்னப்ப..." நிறுத்தினாள். "அப்பாடான்னு இருந்துச்சு. அழுகை வரல. அப்பாடான்னு. அப்புறம் நீங்க அந்தப் பக்கம் சிரிச்சுக்கிட்டே யாரோடயோ பேசிட்டுப் போறதப் பார்த்தேன், சரி, தப்பா அடிச்சிருக்கீங்கன்னு புரிஞ்சுபோச்சு. திரும்பி வந்து உக்காந்தவதான். கேட்டா, எனக்கு எப்படி இருந்துச்சுன்னு மூஞ்சியில தெரிஞ்சுடும்னு."

ஒன்பதரையிலிருந்து இரண்டு ஐம்பது வரைக்கும், பெருக்கல் கணக்கு, இடைவேளை, சாப்பாடு, எல்லாம் இந்த இழுப்பறையின் மேல் உட்கார்ந்து நடத்தியிருக்கிறாள். மற்ற ஒன்பது வகுப்புக்கும் இதே தாள் போகும் என்று தெரிந்தே உட்கார்ந்திருக்கிறாள், தன் இழுப்பறையை மட்டும் மூடிக்கொண்டு. கோபம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை, வந்தது வேறு ஏதோ, வெட்கமில்லாத ஒரு ஆறுதல், நான் மட்டும் இல்லை என்பது. இதுவரை எங்களுக்குள் பொதுவாக இருந்தது அவருடைய மருந்துச் சீட்டு ஒன்றுதான். "எனக்கும்" என்று சொல்ல வாயெடுத்தேன், எனக்கும் என்ன? நான் அப்பாடா என்று உணரவில்லையே, பதறித்தானே ஓடினேன், ஓடி ஓடித் தேடினேனே, நல்லவள் மாதிரி.

"எல்லாம் வந்துடுச்சா?" என்றாள். மேஜைமேல் போட்டு இருவரும் சேர்ந்து எண்ணினோம், வகுப்புக்கு நாற்பத்திரண்டு, பத்து வகுப்பு, அவள் ஐந்து நான் ஐந்து, பிரித்த கப்பலையும் சேர்த்து. நானூற்றிருபது. மெஷினில் நான் அழுத்திய எண் எனக்கு நினைவிருக்கிறது, வாராவாரம் அதே எண்தான், நானூற்றிருபத்தொன்று. "ஒண்ணு குறையுது" என்றேன், திரும்ப எண்ணக் கை நீட்டினேன், யார் வீட்டுக்கு, எந்தப் பிள்ளை, மதியமே வயிற்றுவலி என்று கிளம்பிப்போன அந்தப் பையனா... அவள் எண்ணவில்லை. என் தோளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பை. மடித்த மடிப்பிலேயே மடித்து, ஜிப்பை இழுத்து மூடி, நானே வைத்தேன். தப்பைப் பார்த்துவிட்டு வைத்தேன், பார்ப்பதற்கு முன்னால் இல்லை. பத்து வகுப்புக்கும் அது என் தோளிலேயே கூட வந்திருக்கிறது, யார் கண்ணில் படக்கூடாது என்று இத்தனை ஓட்டமோ அவர் கைக்குப் போகவேண்டிய தாள். பதற்றத்தில் வைத்திருப்பேன், பழக்கம், வெள்ளிக்கிழமைக் கை... பழக்கமா? அவர் அதை விரிப்பதும், பென்சில் கீழே கீழே வருவதும், வலதுபக்கப் பெட்டியில் நிற்பதும், என்னை நிமிர்ந்து பார்ப்பதும் இப்போது எனக்கு அவ்வளவு துல்லியமாகத் தெரிகிறது, இப்போதுதான் முதல் தடவையாகத் தெரிகிற மாதிரியும் இல்லை.

"இங்கயே கிழிச்சுப் போட்டுடலாம் அண்ணி" என்றாள் அவர் மகள். "ம்" என்றேன். மணி அடித்தது, பிள்ளைகள் எழுந்து நாற்காலிகளைத் தூக்கி மேஜைமேல் கவிழ்த்தார்கள், "நன்றி டீச்சர், இயேசுவுக்கே புகழ்" என்று ஒரே ராகத்தில் இழுத்தார்கள், எங்களைச் சுற்றிக்கொண்டு வெளியே ஓடினார்கள். அவள் என் பையை வாங்கக் கை நீட்டவில்லை. நானும் ஜிப்பைத் தொடவில்லை.