அடுப்பைப் பற்றவைத்தவர்

சர் ரால்ஃப் என்ற அந்த ஆளை எனக்கு முதல் அத்தியாயத்திலேயே பிடிக்காமல் போய்விட்டது. ஐந்நூறு வருடங்களுக்குச் சற்றுக் குறைவான காலத்துக்கு முன்பு, இங்கிலாந்தில் ஒரு மாவட்டத்துக்கு ஷெரீஃபாக இருந்தவர். ஷெரீஃப் என்றால் நம் கலெக்டரையும் போலீஸ் சூப்பிரண்டையும் ஒன்றாகப் பிசைந்த பதவி. அரண்மனையிலிருந்து ஆணை வந்தால் பிடிக்க வேண்டும், பூட்ட வேண்டும், கொளுத்தச் சொன்னால் கொளுத்த வேண்டும். அவருடைய வாழ்க்கை வரலாற்றைத் தமிழில் தரச் சொல்லி, கல்லூரியில் வரலாறு நடத்துகிற என் தலையில் ஒரு பதிப்பகம் கட்டிவிட்டது.

ராஜா கத்தோலிக்க மடங்களை இடிக்கச் சொன்னார், இடித்தார். அடுத்து வந்த ராணி புது மதத்துக்காரர்களை எரிக்கச் சொன்னாள், எரித்தார். அவளுக்கு அடுத்தவள் பழைய மதத்துக்காரர்களைப் பிடிக்கச் சொன்னாள், பிடித்தார். எல்லா ஆட்சியிலும் அவரைத் தேடிப் பதவி வந்தது. எரிக்கப்பட்டவர்களில் ஒருவன் அவருடைய குத்தகைக்காரன். அவன் மகனுக்கு ஞானத்தந்தையாக நின்று பெயர் வைத்தவரே இவர்தான்.

எங்கள் வீட்டிலும் ஒரு ஷெரீஃப் உண்டு என்று கேலி செய்வேன். என் கணவர் பரக்கத் அலி தாசில்தார். அவரும் சிரிப்பார். அயோத்தியாப்பட்டணம் பக்கம் ஏரிக்குள் கட்டிய வீடுகளை அகற்றச் சொல்லிக் கோர்ட் உத்தரவு வந்த பிறகு அந்தக் கேலி நின்றுபோனது. அந்த வீடுகளில் ஒன்று மாதையனுடையது. மாதையன் இவருடைய ஜீப் டிரைவர்.

தை மாதம் அந்த வீட்டுப் புதுமனைப் புகுவிழாவுக்கு நாங்கள் இருவரும் போயிருந்தோம். ஒரு சுவர்க் கடிகாரம் வாங்கிப் போனோம். மாதையனின் மனைவி சின்னாயி பால் பாத்திரத்தோடு அடுப்படியில் நின்றுகொண்டு, சார் கையால்தான் அடுப்பைப் பற்றவைக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். இவர் கூச்சத்தோடு தீக்குச்சியைக் கிழித்தார். பால் பொங்கியது, எல்லோரும் கை தட்டினார்கள்.

"தாசில்தாரே அடுப்புப் பத்தவெச்ச ஊடுங்க. இனி யாரு கை வெப்பாங்க?" வந்தவர்களிடமெல்லாம் மாதையன் சொல்லிக்கொண்டிருந்தார். ஜேடர்பாளையத்துக்காரர், வாய் நிறைய 'ங்க' போட்டுப் பேசுவார். அந்த மனைக்குப் பட்டா இல்லை. அந்த ஒரு தீக்குச்சியே பட்டா என்று நினைத்துவிட்டார். வருடக்கணக்காக தாசில்தார்களை ஏற்றிக்கொண்டு திரிந்தவர் இப்படியா நம்புவார் என்று கேட்கலாம். திரிந்ததால்தான் நம்பினார். ஒரு சாரின் முகத்துக்காக எத்தனையோ காரியம் நடந்ததை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார்.

உத்தரவு வந்த அன்று, அது ஏரி என்று விழாவின்போதே தெரியுமா என்று இவரிடம் கேட்டேன்.

"சர்வே நம்பரைப் பார்த்ததுமே தெரியும், பானு. சந்தோஷமா நிக்கிறவங்ககிட்ட அன்னைக்கு எப்படிச் சொல்றது?"

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தெரிந்தே தீக்குச்சி கிழித்தவர், தெரிந்தே சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறார். மருத்துவ விடுப்பு போட்டுவிட்டு வீட்டில் படுங்கள் என்றேன். தான் போகாவிட்டால் இன்னொருவர் வருவார், பண்ட பாத்திரத்தை எடுக்கக்கூட நேரம் தரமாட்டார் என்றார். தான் போனால் மத்தியானம் வரையாவது பொறுத்திருக்கலாமாம்.

அன்று மொழிபெயர்த்திருந்த பக்கத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். எரிக்கும் முன் குத்தகைக்காரனின் கழுத்தில் ஒரு வெடிமருந்துப் பையைக் கட்டிக்கொள்ள சர் ரால்ஃப் அனுமதித்தார். சீக்கிரம் உயிர் போய்விடும் அல்லவா? தன் கருணையைப் பற்றி அவருக்குக் கடைசிவரை பெருமை. இவர் பாதிச் சோற்றில் கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டார். சொன்னதற்காக நான் வருத்தப்படவில்லை.

இடிக்கும் நாளன்று விடுப்பு எடுத்துக்கொள்ளும்படி மாதையனிடம் இவரே சொல்லியிருந்தார். கேட்கவில்லை. காலையில் ஜீப்பைத் துடைத்துக்கொண்டு கோட்டைப் பகுதியில் எங்கள் வீட்டு வாசலில் நின்றார். மற்ற வீடுகள் போனாலும், தன்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தன் வீட்டைக் காட்ட சாருக்குக் கை வராது என்ற நம்பிக்கை அவர் முகத்தில் தெளிவாகத் தெரிந்தது. அதைப் பார்க்க முடியாமல் நான் உள்ளே போய்விட்டேன்.

சாயங்காலம் திரும்பியதும் இவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்தார். கேட்காமலே சொன்னார். மத்தியானம் வரை காத்திருந்தார்களாம். சின்னாயி சாமான்களையெல்லாம் வெளியே எடுத்து வைத்துவிட்டாளாம். ஜே.சி.பி. ஓட்டுகிறவன் மாதையனுக்குப் பழக்கமானவன். அந்த வாசலுக்கு வந்ததும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு இவரைப் பார்த்தானாம். மாதையனும் ஜீப்புக்குள் உட்கார்ந்தபடி இவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

"நான் கையை அசைச்சேன், பானு" என்றார்.

அழுதார். என்னால் அவர் தோளில் கை வைக்க முடியவில்லை.

வாசலில் மணி அடித்தது. மாதையன் நின்றார். தலைமயிரில் சுண்ணாம்புத் தூசி, கையில் செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலம். சின்னாயியும் பிள்ளைகளும் எங்கே என்று கேட்டேன். மச்சான் வீட்டில் விட்டிருப்பதாகச் சொன்னார். குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

பொட்டலத்தை என்னிடம் நீட்டினார். நாங்கள் கொடுத்த கடிகாரம். கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லை. ஓடிக்கொண்டிருந்தது.

"மாட்டறதுக்குச் செவுரு இல்லீங்கம்மா. நீங்களே வெச்சுக்கங்க."

நான் வாங்கிக்கொண்டேன். அவர் படி இறங்கிப் போய், ஜீப் கதவு சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தார். பிறகு திரும்பி, உள்ளே இருந்த இவருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"நாளைக்கு சாருக்கு எத்தன மணிக்குங்க வண்டி எடுக்கோணும்?"