லாக்னன் சதுக்கத்தைக் கடந்த நாள்

1

வாக்கு எண்ணும் கூடமொன்றில் காதில் விழுந்த பேச்சிலிருந்து வந்தது இந்தக் கதை. தோற்றுப்போன ஒருவரைப் பற்றிப் பக்கத்தில் நின்றவர் சொன்னார்: "பாவம், அவரை எல்லாருக்கும் பிடிச்சிருந்துச்சு. அதான் போயிட்டாரு." பிடித்திருந்தால் எப்படித் தோற்பது? அது விளங்காமல்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதல் தொடக்கம் இப்படி இருந்தது: "டோமினிக் லாக்னனின் தகப்பனார் கில்நமோர் என்ற சிறுநகரில் 'எக்கோ' வாரப் பத்திரிகையைத் தொடங்கிய காலத்தில்..." வேண்டாம். பரம்பரைக்குள் நுழைந்தால் தேர்தலே முடிந்துவிடும்.

இரண்டாவது தொடக்கம்: மழை. பதவியில் இருக்கும் லாக்னன் மறுபடி வாக்குக் கேட்டு வீடு வீடாகக் கதவைத் தட்டுகிறார். எல்லாக் கதவும் திறக்கின்றன. தேநீர் கொடுக்கிறார்கள், சோடா ரொட்டியில் வெண்ணெய் தடவித் தருகிறார்கள், அவருடைய அம்மாவின் ஆத்மாவுக்கு ஜெபிக்கிறார்கள். வாசலில் வழியனுப்பும்போது எல்லோரும் ஒரே வாக்கியத்தைச் சொல்கிறார்கள்:

"உனக்கென்னப்பா டோமினிக், நீ ஜெயிச்ச மாதிரிதான்."

அதைக் கேட்கும்போதெல்லாம் அவருக்குப் பயம் வருகிறது. இதையே வைத்துக்கொண்டேன்.

2

(ஏன் பயப்பட வேண்டும்? விளக்க எனக்கு ஆசை. பொறுத்துக்கொள்ளுங்கள்.)

இந்த ஊர்த் தேர்தலில் வாக்குச்சீட்டில் பிடித்தவருக்கு 1, அடுத்தவருக்கு 2 என்று எண் போடுவார்கள். முதலில் 1களை மட்டும் எண்ணுவார்கள். அவை மிகக் குறைவாக உள்ளவர் வெளியேறுவார்; அவருடைய சீட்டுகள் அவற்றில் 2 வாங்கியவர்களுக்குப் போகும். அப்புறம் அடுத்தவர் வெளியேறுவார். ஆகவே ஊரே உங்களுக்கு 2 போட்டாலும், 1 போதாவிட்டால் அந்த 2களை வாங்கிக்கொள்ள நீங்கள் களத்தில் இருக்கமாட்டீர்கள்.

லாக்னனின் கட்சி இந்த முறை இரண்டு பேரை நிறுத்தியது. ஜெயிக்கப்போவது ஒருவர்தான். இரண்டாமவர் கோனல் ப்ரெஸ்லின், இளம் கால்நடை மருத்துவர். அவர் லாக்னனைத் திட்டவே இல்லை, வாய் நிறையப் புகழ்ந்தார். "லாக்னன் எப்படியும் வந்துருவாரு. ஒண்ணை எனக்குப் போடுங்க, ரெண்டை அவருக்குக் குடுங்க." பசு கன்று ஈனும் தொழுவத்தில் இதைச் சொன்னால் யார் மறுப்பார்கள்?

இதைவிடக் கொடுமை, லாக்னனின் சொந்தப் பத்திரிகையான எக்கோ வாராவாரம் முதல் பக்கத்தில் "லாக்னன் வெற்றி உறுதி" என்று போட்டுக்கொண்டிருந்தது. முதலாளிக்கு விசுவாசம். ப்ரெஸ்லினின் வேலையை லாக்னனின் அச்சு இயந்திரமே செய்தது. லாக்னனின் பதவி போனால், அரசாங்கம் காசு கொடுத்துப் போடும் அறிவிப்புகள் எக்கோவுக்கு வராமல் போகும். பிறகு எக்கோவும் இருக்காது.

3

அட்ராக்டாவை முதலில் லாக்னனின் மனைவியாக எழுதினேன். மனைவி ஆறுதல் சொல்லிக்கொண்டே இருந்தாள், கதை நகரவில்லை. அக்காவாக்கினேன். எக்கோவின் விளம்பர மேசை அவள் கையில்.

"நாளைக்கு முதல் பக்கத்துல போடு, 'லாக்னனுக்கு ஆபத்து'ன்னு" என்றார் லாக்னன் அவளிடம்.

"போடலாம். பதினெட்டு வருஷமா உன்னை மகாராசான்னு எழுதுன பேப்பர் அது. திடீர்னு பிச்சைக்காரன்னா எவன் நம்புவான்? அனுதாபத்துக்கு நாடகம் போடுறான்னுதான் சொல்லுவாங்க."

"அப்போ என்னைப் பத்தி ஒண்ணுமே எழுதாதே."

"ஜெயிச்சாச்சுங்கிற திமிருன்னு சொல்லுவாங்க."

அவர் சன்னலருகே போய் நின்றார். வெளியே சதுக்கத்தில் மாட்டுச் சந்தை. தொகுதியில் பாதி அங்கே சேற்றில் நின்று விலை பேசிக்கொண்டிருந்தது. சதுக்கத்தின் எதிர்ப்புறம் 'வாட்ச்மேன்' அலுவலகம், எதிர்க்கட்சியின் பத்திரிகை. லாக்னன் குடும்பத்தில் யாரும் அந்தப் படியில் கால் வைத்ததில்லை.

அவர் மனத்தில் அப்போது — இல்லை, மனத்துக்குள் நான் போகவில்லை. தொப்பியை எடுத்தார் என்று மட்டும் எழுதுகிறேன்.

4

மாடுகளுக்கு நடுவே நடந்தார். பேரம் முடிந்ததற்கு அடையாளமாக உள்ளங்கையில் எச்சில் துப்பிக் கையறையப் போனவர்கள் அப்படியே நின்றார்கள். "தம்பி, உங்க கடை அந்தப் பக்கம்" என்று ஒருவர் கத்தினார், சிரிப்பு எழுந்தது. அவர் வாட்ச்மேன் படி ஏறியதும் சிரிப்பு அடங்கியது.

உள்ளே ஆசிரியர் சில்வெஸ்டர் கியோ மேசையிலிருந்து எழுந்திருக்கவில்லை.

"வழி தப்பிட்டீங்களா?"

"விளம்பரம் குடுக்கணும். 'எனக்கு முதல் எண் போடுங்கள், இல்லாவிட்டால் நான் தோற்பேன்.' அவ்வளவுதான்."

"உங்க பேப்பர்ல இடமில்லையா?"

லாக்னன் தொப்பியைக் கழற்றினார். கியோ அவர் கையில் இருந்த தொப்பியைப் பார்த்தார். விளிம்பு ஆடியது.

"பயமா இருக்கா, லாக்னன்?"

"ஆமா."

(இது நடிப்பா, நிஜமா? மூன்று முறை எழுதிப் பார்த்தேன். ஒரு பிரதியில் வெளியே வந்ததும் கண் சிமிட்டினார், அடித்துவிட்டேன். இன்னொன்றில் அழுதார், அதையும் அடித்தேன். கை மட்டும் எல்லாப் பிரதியிலும் ஆடியது.)

கியோ முட்டாள் இல்லை. இதில் ஏதோ தந்திரம் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். ஆனால் சந்தையே பார்த்துவிட்டது. எல்லோரும் பேசுவதைப் போடாவிட்டால் அது என்ன பத்திரிகை? வியாழனன்று வாட்ச்மேன் விளம்பரத்தை உள்பக்கத்தில் போட்டது. முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில்: "எக்கோ முதலாளிக்கு நடுக்கம்: லாக்னன் கதை முடிந்தது."

அட்ராக்டா அதை இரண்டு முறை படித்துவிட்டுத் தம்பி பக்கம் தள்ளினாள். "இவ்வளவு அழகா நாங்க உன்னைப் பத்தி எழுதுனதே இல்ல" என்றாள்.

அன்று மாலை ஒரு வீட்டில் தேநீர் வந்தது, வெண்ணெய் வந்தது. வழியனுப்பும்போது அந்த வீட்டம்மா வாசலிலேயே நின்றாள். "நிஜமாவா டோமினிக்?" என்று கேட்டாள்.

5

முடிவை நான் எழுதப்போவதில்லை. அந்த அம்மாவின் இடத்தில் நீங்கள் இருக்கிறீர்கள். கையில் பென்சில், சீட்டில் லாக்னன், ப்ரெஸ்லின், இன்னும் சிலர். தொழுவத்தில் பசுவுக்குப் பிரசவம் பார்த்த இளைஞர் ஒருபுறம், சதுக்கத்தைக் கடந்து வந்த மனிதர் மறுபுறம். 1 யாருக்கு என்பதை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள்.

என்னிடம் இருப்பது வழி மட்டும். உங்கள் ஆபத்தை உங்கள் பத்திரிகையில் எழுதினால் யாரும் நம்பமாட்டார்கள். ஊர் பார்க்க எதிரியின் வாசலுக்கு நடந்து போக வேண்டும். மிச்சத்தை அவன் எழுதிக்கொள்வான்.