காப்பி போடப் போன நேரம்

வில்லாட்ஸ் குதிரை விற்ற காலத்திலிருந்தே அவனுக்கு ஒரு பெயர் உண்டு. விற்கும்போது நொண்டிக் குதிரையையும் நடனக் குதிரை என்பான். வாங்கும்போது நடனக் குதிரையையும் நொண்டி என்பான். ஜட்லாந்தின் அந்தப் பக்கத்தில் இதை யாரும் குற்றமாக எடுத்துக்கொள்வதில்லை. வியாபாரி வேறு எப்படிப் பேசுவான்? பேரம் படிந்ததும் இரண்டு பேரும் உள்ளங்கையை உள்ளங்கையோடு பளீரென்று தட்டிக்கொள்வார்கள். அதோடு பேச்சு முடிந்தது. தட்டிய பிறகு கண்ணைக் கசக்கிக்கொண்டு வருகிறவனுக்குச் சந்தையில் மரியாதை இல்லை.

அப்பேர்ப்பட்டவனிடம் ஒரே ஒரு சரக்கு மட்டும் விற்கவும் முடியாமல் உடைக்கவும் முடியாமல் கொட்டகையில் கிடந்தது. சாம்பல் நிற லாரி. அதன் கதவில் ஒரு காலத்தில் தோர்கில்ட் என்று பெயர் இருந்தது. வில்லாட்ஸ் மேலே சாயம் பூசினான். ஒரு பூச்சுதான் பூசினான், அதிலும் சிக்கனம். வெயில் சாய்வாக விழுந்தால் எழுத்துகள் எட்டிப் பார்க்கும்.

தோர்கில்ட் எதிர்வீட்டுக்காரன். அவன் திடீரென்று செத்துப்போனபின், லாரியை விற்றுத் தரும்படி அவன் மனைவி கிர்ஸ்டீன் வில்லாட்ஸைத்தான் கூப்பிட்டாள். அவன் போய் எஞ்சின் மூடியைத் திறந்தான். பார்த்த மாத்திரத்திலேயே அருமையான வண்டி என்று தெரிந்துவிட்டது. "ஒரு வாய் காப்பி கிடைக்குமா கிர்ஸ்டீன்?" என்றான். அவள் உள்ளே போனாள். பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்குபோட்டுக் கொடுக்கும் ரோட்டர் என்ற சாமான் கட்டைவிரல் பருமன்கூட இருக்காது. அதை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ள, காப்பி கொதிக்கிற நேரத்தில் கால்வாசிகூட ஆகவில்லை.

அவள் வந்து சாவியைத் திருகினாள். எஞ்சின் உறுமியது, பிடிக்கவில்லை. வில்லாட்ஸ் காதை வைத்துக் கேட்டுத் தலையை ஆட்டினான். "கிராங்க் போச்சு. எஞ்சினுக்கு முதுகெலும்பே அதுதான். பழைய இரும்புதான் இனிமே."

"போன மாசம்கூட ஓட்டினாரே."

"மனுஷன் போற மாதிரிதான் கிர்ஸ்டீன். எஞ்சினும் சொல்லிட்டுப் போகாது."

அன்று அந்த வாக்கியம் அவனுக்கே பிடித்திருந்தது. கையைத் தட்டிக்கொண்டார்கள். இரும்பு விலைக்கு லாரி கைமாறியது. காப்பி நன்றாக இருந்ததால் இன்னொரு கோப்பையும் கேட்டு வாங்கிக் குடித்தான்.

தெற்கே எல்லை தாண்டிக் கொண்டுபோய் விற்பதுதான் திட்டம். ஆனால் அந்த வாரமே கிர்ஸ்டீன் ஆப்பிள் கேக் சுட்டுக்கொண்டு சாலையைக் கடந்து வந்தாள். "ஒருத்தரும் தொடாத இரும்ப எனக்காக எடுத்துக்கிட்டீங்க. மறக்க மாட்டேன்" என்றாள். ஏசியிருந்தால் தாங்கியிருப்பான், ஏச்சு வாங்கி வளர்ந்த உடம்பு அது. நன்றி சொன்னதற்கு அவனிடம் மருந்து இல்லை. அதற்குப் பிறகு லாரியை ஓட்டினால் அவள் காதில் விழும். உடைத்தால் அவள் கண்ணில் படும். கொட்டகையை இழுத்துச் சாத்தினான். பத்துப் பன்னிரண்டு வருஷம் ஓடிவிட்டது. லாரி மட்டும் ஓடவில்லை.

இப்போது ஜூன் மாதம். கிர்ஸ்டீனின் மகள் ரிக்கெயும் வில்லாட்ஸின் மகன் டிட்லெவும் ஒரே வகுப்பில் பள்ளிப் படிப்பை முடித்திருந்தார்கள். முடித்த பிள்ளைகள் வெள்ளைத் தொப்பி போட்டு, பீச் மரத்து இலை கட்டிய லாரியில் நின்றுகொண்டு, வகுப்பில் உள்ள ஒவ்வொருவர் வீட்டுக்கும் போக வேண்டும், அது அங்கே வழக்கம். வாசலில் கொடி, தட்டில் தீனி, கோப்பையில் ஏதாவது. லாரி இல்லாமல் அந்தத் தொப்பிக்கு மதிப்பில்லை. பேசி வைத்திருந்த லாரிக்கு முந்தின நாள் அச்சு முறிந்துவிட்டது.

சாயங்காலம் பாதி வகுப்பு சைக்கிளில் வந்து வில்லாட்ஸின் முற்றத்தில் இறங்கியது. கூடவே மெக்கானிக் ஐனார், கையில் பேட்டரியும் ஒரு டின் பெட்ரோலுமாக. பின்னால் கிர்ஸ்டீன், தோளில் இலைக்கட்டு.

"அது செத்த வண்டிப்பா. சாண வண்டி இருக்கு, கழுவித் தர்றேன். டிராக்டர்ல கட்டிப் போங்க" என்றான் வில்லாட்ஸ்.

"வெள்ளத் தொப்பியோட சாண வண்டியிலயா? மானத்த வாங்காதீங்கப்பா" என்றான் டிட்லெவ்.

ஐனார் அதற்குள் கொட்டகைக் கதவைத் தள்ளிவிட்டான். பிளக்குகளைக் கழற்றி உள்ளே எண்ணெய் விட்டு ஊறவைத்தான். அப்புறம் முன்பக்கம் இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுற்றினான். வெண்ணெயில் கரண்டி போவதுபோல அது சுற்றியது.

"கிராங்க் ஒடஞ்சதுன்னு சொன்னது எவன்யா?"

"நான்தான். சத்தத்துல அப்படித்தான் தெரிஞ்சுது" என்றான் வில்லாட்ஸ்.

"உனக்குக் குதிரப் பல்லப் பாக்கத் தெரியும். எஞ்சின் உனக்கெதுக்கு?" என்று சொல்லிக்கொண்டே ஐனார் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்தான். எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். "ரோட்டரக் காணோம். எவனோ உருவியிருக்கான். இந்த மாடலுக்கு இப்ப எங்க போய்த் தேடுறது? அவ்வளவுதான் பசங்களா."

பிள்ளைகளின் முகம் தொங்கிவிட்டது. வில்லாட்ஸுக்கு மட்டும் நெஞ்சுக்குள் அடைப்பு விட்டது. கேட்காமலே கிடைத்த லாபம். "அடடா" என்று ஒரு வார்த்தை சொல்லி, வருத்தப்படுகிறவன் முகத்தை வைத்துக்கொண்டு சும்மா நின்றால் போதும். அந்த முகம் அவனிடம் எப்போதும் தயாராக இருக்கும்.

"அடடா" என்றான்.

ரிக்கெ லாரிக் கதவைத் தடவிக்கொண்டிருந்தாள். விரல் அந்த எழுத்துகளின் மேல் போய் நின்றது. "பரவால்ல வில்லாட்ஸ். அப்பா வண்டிய இத்தன வருஷம் காப்பாத்தி வெச்சிருந்தீங்களே. வேற யாராவதா இருந்தா எப்பவோ இரும்புக் கடைக்குப் போட்டிருப்பாங்க."

அதே நன்றி. தாய் கேக்கோடு கொண்டுவந்ததை மகள் வெறுங்கையோடு கொண்டுவந்திருந்தாள். வில்லாட்ஸின் காது இரண்டும் சூடாயின. முகத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல், "இருங்க" என்று முனகிவிட்டு வீட்டுக்குள் போனான்.

மேசை இழுப்பறையின் அடியில் புகையிலை டப்பா இருந்தது, அதற்குள் ரோட்டர். ஏன் அதைத் தூக்கி எறியவில்லை என்று அவனுக்கே புரிந்ததில்லை. எடுத்துவிட்டுத் திரும்ப வைத்தான். 'தேடினேன், கிடைக்கல' என்று சொல்லிப் பார்த்தான், நன்றாகவே வந்தது. ஜன்னல் வழியே பார்த்தால், ஓடாது என்று தெரிந்த லாரியில் அந்தப் பெண் இலை கட்டிக்கொண்டிருந்தாள். டப்பாவை எடுத்துக்கொண்டு வெளியே வந்தான்.

"திருட்டுப் பயம். நான்தான் கழட்டி வெச்சேன். மறந்தே போச்சு."

ஐனார் ரோட்டரை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். "செத்த எஞ்சினத் திருட எவன்யா வருவான்? இந்த ஜில்லாவுல உன்ன மாதிரி இன்னொருத்தன் இருக்கானா என்ன?"

பிள்ளைகள் சிரித்தார்கள். டிட்லெவும் சிரிக்க ஆரம்பித்து, அப்பாவின் சிவந்த காதைப் பார்த்துப் பாதியில் நிறுத்திக்கொண்டான். கிர்ஸ்டீன் சிரிக்கவில்லை. அவள் ரோட்டரைப் பார்க்கவுமில்லை. சாலைக்கு அந்தப்புறம் தன் சமையலறை ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வில்லாட்ஸ் மனதுக்குள் வேண்டிக்கொண்டான்: பிடிக்காமல் போகட்டும், துரு ஏறியிருக்கட்டும், எலி கடித்திருக்கட்டும். ஐனார் சாவியைத் திருகினான். இரண்டு தும்மல், ஒரு கரும்புகை, புகைக்குழாயிலிருந்து பறந்த ஒரு எலிக்கூடு. பிடித்துக்கொண்டது. நேற்று ராத்திரி நிறுத்தி இன்று எடுத்ததுபோல ஓடியது.

"கிராங்க் பாட்டே பாடுதுய்யா!" என்று கத்தினான் ஐனார். ரிக்கெ ஓடிவந்து வில்லாட்ஸைக் கட்டிக்கொண்டாள். அவன் இரண்டு கையையும் தொங்கவிட்டபடி நின்றான். அவள் தலைக்கு மேலாகப் பார்த்தபோது, கிர்ஸ்டீன் மீதி இலைக்கட்டைக் கீழே வைத்துவிட்டுச் சாலையைக் கடந்து போய்க்கொண்டிருந்தாள்.

மறுநாள் லாரியை வில்லாட்ஸ்தான் ஓட்டினான். பெரிய வண்டிக்கு உரிமம் வைத்திருந்தவன் அவன்தான். பக்கத்து இருக்கையில் டிட்லெவ் உட்காரவில்லை. "நான் பின்னால நிக்கறேன்" என்றான், முகம் பார்க்காமல். வீட்டுக்கு வீடு பாட்டு, கூச்சல், லாரிக் கூரையில் தடதடவென்று தட்டல். ஓட்டுகிறவனுக்கு மது கிடையாது, காப்பிதான். எல்லா வீட்டிலும் இறங்கிப் போய்க் குடித்துவிட்டு வந்தான்.

கிர்ஸ்டீன் வீட்டு முற்றத்தில் பிள்ளைகள் குதித்து இறங்கி மேசையைச் சூழ்ந்துகொண்டார்கள். வில்லாட்ஸ் இறங்கவில்லை. எஞ்சினை நிறுத்தவும் கை வரவில்லை. அது வாய் ஓயாமல் உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தது.

ஒரு கோப்பை காப்பியோடு கிர்ஸ்டீன் லாரி ஜன்னல் பக்கம் வந்தாள். அவன் முந்திக்கொண்டான். ராத்திரி முழுக்கக் கூட்டிக் கழித்து வைத்திருந்த பேரம் அது.

"கிர்ஸ்டீன், வண்டிய நீங்களே எடுத்துக்கங்க. சும்மா. பணம் வேணாம்." உள்ளங்கையை விரித்து ஜன்னலுக்கு வெளியே நீட்டினான். "தட்டுங்க."

அவள் அந்தக் கையைப் பார்த்தாள். "இதுல ஒரு தடவ தட்டியாச்சு" என்று சொல்லிக் கோப்பையை அதில் வைத்தாள். "குடிங்க."

"நீங்க போய்ப் பிள்ளைங்களக் கவனிங்க. நான் மெதுவா..."

"அவங்களே எடுத்துச் சாப்பிடுவாங்க." எஞ்சின் மூடியின் மேல் ஒரு கையை ஊன்றிக்கொண்டு நின்றாள். "நீங்க குடிச்சு முடிக்கிற வரைக்கும் நான் உள்ள போறதா இல்ல வில்லாட்ஸ்."

குரலை உயர்த்தவில்லை. மேசையில் இருந்த யாருக்கும் கேட்டிருக்காது. காப்பி கொதித்தது. கோப்பையைக் கீழே வைக்க இடமில்லை. நாக்கு வெந்தாலும் பரவாயில்லை என்று குடித்தான். அன்றைக்குப் போலவே நல்ல காப்பி.

அவள் காலிக் கோப்பையை வாங்கிக்கொண்டாள். "இன்னொன்னு?" என்று கேட்டாள்.

அவன் வேண்டாமென்று தலையை ஆட்டினான்.

பிள்ளைகள் ஏறிக்கொண்டார்கள். ரிக்கெ கடைசியாக அம்மாவுக்கு முத்தம் கொடுத்துவிட்டு ஏறி, அப்பாவின் வண்டியில் முன்னால் போய் நின்றாள். பக்கக் கண்ணாடியில் டிட்லெவ் தெரிந்தான். எல்லோரும் முன்பக்கம் பார்த்துக் கத்த, அவன் மட்டும் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கிர்ஸ்டீன் நின்ற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மேலே கூரையில் தட்டினார்கள். அடுத்தது வில்லாட்ஸின் வீடு. சாலைக்கு அந்தப்புறம்தான், ஆனாலும் ஓட்டித்தான் ஆக வேண்டும்.