ஒரு நாள் விட்டு ஒரு நாள்

ஓஸ்லோவில் வீடில்லாமல் இருக்கும் பெரியவர்கள் எத்தனை பேர் என்று சரியாகத் தெரிந்துகொள்ள ஒரு திட்டம் தொடங்கியிருந்தார்கள். வேதவல்லி அதில் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. இரவில் படுக்க இடம் கொடுப்பவர்கள், பகலில் சூப்பும் ரொட்டியும் கொடுப்பவர்கள் என்று ஒன்பது இடங்கள் அதில் சேர்ந்திருந்தன. ஒவ்வோர் இடமும் தனக்குத் தோன்றியபடி பட்டியல் வைத்திருந்தது. அடையாள அட்டை கேட்பதில்லை. வந்தவர் சொன்ன பெயரைக் காதில் விழுந்தபடி எழுதிக்கொள்வார்கள். பிறந்த தேதி தெரியாவிட்டால் ஜனவரி ஒன்று. ஒரே ஆள் மூன்று இடங்களில் மூன்று பேராக இருப்பார். அந்தப் பட்டியல்களைச் சேர்த்து, ஓர் ஆளை ஒரு முறை மட்டும் எண்ணும்படி செய்வது வேதவல்லியின் பொறுப்பு.

அவள் திருச்சிக்காரி. ஆராய்ச்சிக்காகத் துரொண்ட்ஹெய்ம் நகருக்கு வந்து, ஒப்பந்தம் முடிந்ததும் ஓஸ்லோவுக்கு மாறியவள். கணவர் சீதாராமன் இரண்டு ஆண்டுகளுக்கு முன் பெங்களூருக்குத் திரும்பிவிட்டார். பிரிந்துவிட்டோம் என்று இருவரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஃபோன் செய்வது மட்டும் மெல்ல நின்றுபோனது. வெள்ளிக்கிழமை அலுவலகத்தை விட்டுக் கிளம்பினால் திங்கள் காலைவரை அவள் வாய் திறப்பது குறொன்லாண்ட் பகுதியில் காய்கறி வாங்கும்போதுதான். அவள் போகும் கடையில் இப்போது தானாகப் பணம் செலுத்தும் இயந்திரமும் வைத்துவிட்டார்கள்.

மார்ச் மாதத்தில் ஒரு நாள் பட்டியலில் இரண்டு வரிகள் அவள் கண்ணில் பட்டன. ஒன்றில் முதற்பெயர் செபஸ்ரியன், குடும்பப் பெயர் அருளானந்தன். இன்னொன்றில் முதற்பெயர் அருளானந்தன், குடும்பப் பெயர் செபஸ்ரியன். இரண்டுக்கும் 1964, ஜனவரி ஒன்று. இரண்டும் ஒரே இரவு விடுதியில்.

வாராந்திரக் கூட்டத்தில் அவள் அதை உற்சாகமாக எடுத்துச் சொன்னாள். தமிழர்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. அப்பா பெயரை முன்னாலும் போடுவார்கள், பின்னாலும் போடுவார்கள். எழுதியவர் மாற்றி எழுதியிருக்கிறார். அதற்குச் சான்றும் வைத்திருந்தாள். பதினான்கு மாதப் பதிவில் இந்த இருவரும் ஒரே இரவில் விடுதியில் இருந்ததே இல்லை. ஒன்றில் பதிவு இருக்கும் இரவு மற்றதில் இருக்காது. இரண்டையும் சேர்த்தால், போன ஆண்டு முழுக்க ஓர் இரவுகூட விடுபடாத ஒரே ஆளின் கணக்கு வரும்.

"இதற்குத்தான் உன்னை வேலைக்கு எடுத்தோம்" என்றாள் திட்டத்தின் தலைவி ஹில்டே.

வேதவல்லி இரண்டு வரிகளையும் ஒன்றாக்கினாள். மொத்த எண்ணிக்கை நானூற்றுப் பன்னிரண்டிலிருந்து நானூற்றுப் பதினொன்று ஆனது. அன்றைக்குத் தனியாகச் சாப்பிட்ட மதியச் சாப்பாடுகூட அவளுக்கு நன்றாக இருந்தது.

ஆனால் ஒன்றாக்கிய வரியைத் திரும்பப் பார்த்தபோது ஒரு குறை தெரிந்தது. ஜனவரி நடுப்பகுதிவரை எல்லா இரவும் நிறைந்திருந்தது. அதற்குப் பிறகு ஒரு நாள் இருக்கிறது, ஒரு நாள் இல்லை. விடுதியில் யாரோ பதிவு செய்ய மறந்துவிடுகிறார்கள் என்று நினைத்து, அந்த இரவுகளைச் சரிபார்த்துச் சொல்லும்படி எழுதி அனுப்பினாள்.

மறுநாள் ஃபோன் வந்தது. விடுதி இருக்கும் கட்டடத்திலேயே பகல் நேர உணவு மையத்தைப் பார்த்துக்கொள்ளும் இமெல்டா. நோர்வேயிலேயே பிறந்து வளர்ந்த யாழ்ப்பாணத்துப் பெண்.

"நீங்கள் தமிழோ? பேரைப் பாத்திட்டுத்தான் எடுத்தனான்" என்றாள்.

"ஆமாங்க."

"அக்கா, அது ஒராள் இல்லை. ரெண்டு பேர். அருளானந்தன் அங்கிள் இப்பவும் இஞ்சை வந்து சாப்பிடுறவர். செபஸ்ரியன் அங்கிளைத்தான் ஜனவரிக்குப் பிறகு காணேல்லை."

வேதவல்லி பட்டியலைத் திறந்தாள். "அப்போ ரெண்டு பேரும் ஒரே ராத்திரி வந்ததே இல்லையே, ஏன்?"

"அதை நீங்கள் அவரிட்டையே வந்து கேளுங்கோவன். நான் கேட்டு வைக்கிறன், கதைக்கச் சம்மதமோ எண்டு."

அவர் சம்மதித்தார். ஹில்டேயும் அனுமதி கொடுத்தாள். வியாழக்கிழமை மதியம் வேதவல்லி போனபோது அருளானந்தன் சன்னலோரத்து மேசையில் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மெலிந்த மனிதர். அன்று காலையில்தான் முகம் மழித்திருந்தார். தாடையில் சின்ன வெட்டுக் காயம். பக்கத்தில் சக்கரம் வைத்த பெரிய பை ஒன்று, கயிற்றால் இறுகக் கட்டியபடி நின்றது.

"வணக்கம் சார்" என்றாள்.

"சாரோ?" அவர் சிரித்தார். "இந்தியாவே, பிள்ளை?"

"திருச்சி."

"இருங்கோ. சூப் குடியுங்கோ, இண்டைக்குப் பரவாயில்லை."

அவள் தான் செய்ததைச் சுற்றி வளைக்காமல் சொன்னாள். உங்களையும் உங்கள் நண்பரையும் ஒரே ஆளாக எழுதிவிட்டேன் என்றாள். அவர் கோபப்படவில்லை.

"எங்களுக்கு இது பழக்கம். எண்பத்தெட்டிலை ஹம்மர்பெஸ்டிலை மீன் பக்டறியிலை ரெண்டு பேருக்கும் ஒரே அறை. நான் பேசாலை ஊர், அவன் நெடுந்தீவு. என்ரை அப்பாவின்ரை பேர் அவன்ரை பேர். அவன்ரை அப்பாவின்ரை பேர் என்ரை பேர். அவனுக்கு வாற கடிதத்தை நான் உடைச்சுப்போடுவன். எனக்கு வாற சம்பளச் சீட்டு அவனிட்டைப் போகும்." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார்: "பிறகு அவன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். குடும்பம், பிள்ளையள், எல்லாம் இருந்தது. எல்லாம் போய், கடைசியிலை இந்த வாசலிலைதான் திரும்பக் கண்டம்."

"ஒரு ராத்திரி நீங்க, ஒரு ராத்திரி அவர். ஏன் சார்?"

அவர் சக்கரப் பையைத் தொட்டுக் காட்டினார். "உள்ளை ஒரு சின்னப் பைதான் விடுவினம். இதை வெளியிலை விட்டால் விடியக் காணாது. ரெண்டு பேரின்ரை சாமானும் இதுக்குள்ளைதான். அதாலை ஒராள் உள்ளை படுக்கிறது, மற்றாள் இதோடை பஸ்ஸிலை சுத்துறது. அடுத்த நாள் மாறுறது."

வேதவல்லிக்கு அடுத்த கேள்வியைக் கேட்கத் தயக்கமாக இருந்தது. ஆனாலும் கேட்டாள். "இப்போ அவர் இல்லையே. இப்பவும் ஏன் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் வர்றீங்க?"

"என்ரை முறையிலை பையைத் தெரிஞ்ச பெடியன் ஒருத்தன் பாத்துக்கொள்ளுவான். செபஸ்ரியனுக்கு நல்ல இருமல். காலமை டொக்டரிட்டைப் போட்டு வாறனெண்டு போனவன், வரேல்லை. நான் ஆஸ்பத்திரியிலை போய்க் கேட்டனான். நீ சொந்தமோ எண்டு கேட்டாள் ஒருத்தி. இல்லையெண்டன். அப்ப சொல்லேலாதாம்." அவர் தொப்பியை மடியில் திருப்பித் திருப்பி வைத்தார். "அவன்ரை முறையிலை நான் போய்ப் படுத்திட்டன் எண்டு வையுங்கோ. அண்டைக்குப் பாத்து அவன் வந்து நிண்டால்? இடம் முடிஞ்சுதெண்டு திருப்பி அனுப்பிப்போடுவாங்கள்."

வேதவல்லி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். இரண்டரை மாதமாக அவர் ஒரு கட்டிலைக் காலியாக விட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அதைத்தான் அவள் பதிவுப் பிழை என்று எழுதி அனுப்பியிருந்தாள்.

அவளால் நேரடியாக எதுவும் தேட முடியாது. அவளுடைய பட்டியலில் அரசாங்க எண் கிடையாது. இருந்தாலும் அதை வைத்து ஓர் ஆளைத் தேடிப்போக அவளுக்கு உரிமை இல்லை. இமெல்டாதான் தேவாலயத்தில் தமிழ்ப் பூசைக்கு வரும் சுவாமியாரிடம் சொன்னாள். சுவாமியார் அங்கே இங்கே கேட்டு, பத்து நாளில் பதில் கொண்டுவந்தார். செபஸ்ரியன் ஜனவரி பதினேழாம் தேதி நிமோனியாவில் இறந்துவிட்டார். உறவினர் யாரையும் கண்டுபிடிக்க முடியவில்லை. மருத்துவமனைப் படிவத்தில் சமயம் என்ற கட்டம் வெறுமையாக இருந்ததால் சுவாமியாரையும் யாரும் கூப்பிடவில்லை. பிப்ரவரியில் நகரசபையே அடக்கம் செய்திருந்தது.

அருளானந்தனிடம் அதைச் சொன்னது இமெல்டா. வேதவல்லி கூட இருந்தாள். அவர் தேதியை இரண்டு முறை கேட்டார். பிறகு, "அப்ப போய் மூண்டு நாள் இருந்திருக்கிறான். தனியக் கிடந்திருக்கிறான்" என்றார். அன்றைக்கு அவருடைய முறை இல்லை. இமெல்டா எழுந்துபோய் விடுதிக்காரரிடம் பேசி, பையைத் தன் அலுவலக அறையில் வைத்துப் பூட்டி, அவர் பெயரை எழுதச் சொன்னாள். அவர் மறுக்கவில்லை.

ஏப்ரலில் மூன்று பேரும் கல்லறைக்குப் போனார்கள். புல் இன்னும் முளைக்காத மண்ணில் சிறிய தகடு ஒன்று குத்தி வைக்கப்பட்டிருந்தது. அதில் அப்பா பெயரும் மகன் பெயரும் சேர்ந்து இருந்தன. அருளானந்தன் குனிந்து வாசித்துவிட்டு, "என்ரை பேரும் கிடக்குது" என்றார். இமெல்டா செபம் சொன்னாள். வேதவல்லிக்கு அந்தச் செபம் தெரியாது. கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். திரும்பி வரும்போது டிராமில் அவர் சன்னலைப் பார்த்தபடியே இருந்தார். இறங்கும்போதுதான் அவளைத் திரும்பிப் பார்த்து, "நன்றி பிள்ளை" என்றார்.

அலுவலகத்தில் வேதவல்லி இரண்டு வரிகளையும் பிரித்தாள். பெயர் இடம் மாறினால் ஒரே ஆள் என்று கொள்ளும் விதியை நீக்கிவிட்டு, அப்படிப்பட்டவர்களை நேரில் கேட்டு உறுதிசெய்ய வேண்டும் என்று எழுதினாள். செபஸ்ரியனின் வரியை மூடப் போனபோது, வெளியேறிய காரணம் என்ற பட்டியலில் சொந்த வீடு, வேறு ஊர், சிறை, மருத்துவமனை, தெரியவில்லை என்று ஐந்துதான் இருந்தன. இறந்துபோனவருக்கு இடம் இல்லை. அதைச் சேர்க்க மூன்று வாரம் ஆனது. ஹில்டே இரண்டு பேரிடம் ஒப்புதல் வாங்க வேண்டியிருந்தது.

"ஆக, எண்ணிக்கை மறுபடி பன்னிரண்டா?" என்று ஹில்டே கேட்டாள்.

"இல்லை. ஒருவர் இறந்துவிட்டாரே. பதினொன்றுதான்."

"அப்படியானால் எதுவும் மாறவில்லை" என்றாள் ஹில்டே. அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. வேதவல்லி விளக்கப் பார்த்தாள். நோர்வே மொழியில் வார்த்தை சரியாக அமையவில்லை. விட்டுவிட்டாள்.

ஜூன் மாதம் அருளானந்தனுக்கு ஓர் அறை கிடைத்தது. சொந்த வீடு என்று அவர் வரியும் மூடப்பட்டது. எந்தத் தெரு என்று அந்தப் பதிவில் இருக்காது, இருக்கவும் கூடாது. அதற்குப் பிறகு அவர் சாப்பிடவும் வருவதில்லை என்று இமெல்டா சொன்னாள். ஃபோனை எடுப்பதும் இல்லையாம்.

இலையுதிர் காலத்தில் அறிக்கை வந்தபோது, மற்ற இடங்களும் தங்கள் பழைய வரிகளைத் தேடிப் பார்த்து அனுப்பியதில், இறந்தவர்கள் என்ற பத்தியில் பத்தொன்பது பேர் சேர்ந்திருந்தார்கள். கூட்டத்தில் அந்தப் பத்தியைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

அன்று மாலை நான்கு மணிக்கே எல்லோரும் கிளம்பிய பிறகு வேதவல்லி அலுவலகத்தின் ஊழியர் பக்கத்தைத் திறந்தாள். அவசரத்துக்குத் தெரிவிக்க வேண்டியவர் என்ற இடத்தில், சேர்ந்தபோது பழக்கத்தில் அவள் எழுதிய சீதாராமனின் பெயரும் பழைய துரொண்ட்ஹெய்ம் எண்ணும் இருந்தன. அந்த எண் இப்போது யாரிடம் இருக்கிறதோ. அதை அழித்தாள். கட்டம் வெறுமையானதும் இமெல்டாவை அழைத்தாள்.

"ஒண்ணு கேக்கலாமா? உங்க பேரை ஒரு இடத்துல போட்டுக்கட்டுமா? எனக்கு ஏதாவது ஆச்சுன்னா கூப்பிடறதுக்கு."

மறுமுனையில் பாத்திரங்களின் சத்தம் கேட்டது. யாரோ இமெல்டாவைக் கூப்பிட்டார்கள்.

"ஓம் அக்கா, போடுங்கோ. என்ரை முழுப்பேரை மெசேஜிலை அனுப்புறன், பிழையா எழுதிப்போடாதேங்கோ. இப்ப வைக்கிறன், இஞ்சை சனம் நிக்குது."

வேதவல்லி செய்தி வரட்டும் என்று கோட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.