தண்ணி விழுதா என்று கேட்டால்

ஆனி பிறந்துவிட்டால் போதும், வெளியூரில் இருக்கிற சொந்தபந்தம் அத்தனைக்கும் தென்காசி நினைவுக்கு வந்துவிடும். போன் போடுவார்கள். நலம் விசாரிப்பதெல்லாம் சும்மா பேச்சுக்கு. அடுத்த கேள்வி, குற்றால அருவியில் தண்ணி விழுதா என்பதுதான். அதற்கு இல்லை என்று சொல்ல தென்காசிக்காரனுக்கு நாக்கு எழும்பாது. பாறை மேல் காக்கா உட்கார்ந்து வெயில் காய்ந்துகொண்டிருந்தாலும், ஜோராக விழுகிறது, புறப்பட்டு வாருங்கள் என்பான். வீடு தேடி வருகிறவரிடம் சோறு இல்லை என்று எப்படிச் சொல்வது? இதுவும் அப்படித்தான்.

ரிட்டயர்டு சப்-இன்ஸ்பெக்டர் சங்கரபாண்டி இந்த விஷயத்தில் ஊரையே மிஞ்சியவர். அவர் பேச்சை நம்பி வந்து காய்ந்த பாறையைப் பார்த்துவிட்டுப் போன குடும்பங்கள் ஏராளம். தாம்பரத்தில் இருக்கும் அவர் மச்சினன் குடும்பம் அதில் முதல் வரிசை.

அவர் மகள் மாரிச்செல்வி பெங்களூர் வேலையை விட்டுவிட்டு வந்து, மாடி அறையில் உட்கார்ந்து ஒரு செயலி எழுதினாள். பெயர் 'சாரல்'. மெயின் அருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் எல்லாம் அதில் உண்டு. அருவியடியில் நிற்கிற உள்ளூர்க்காரர்கள் 'நல்லா விழுது', 'சுமார்', 'தண்ணி இல்லை' என்ற மூன்றில் ஒன்றை அழுத்தவேண்டும். தண்ணி விழுந்தால் அருவியின் பெயர் பச்சையாகத் தெரியும், இல்லையென்றால் சிவப்பாக; அதைப் பார்த்து வெளியூர்க்காரர்கள் வண்டியைக் கிளப்பலாம். இந்த சீசனில் ஒழுங்காக ஓடினால் நாங்களே எடுத்து நடத்துகிறோம், நீங்கள் தென்காசியிலேயே இருந்து வேலை பாருங்கள் என்று சென்னைக் கம்பெனி ஒன்று சொல்லியிருந்தது. சரிவராவிட்டால் மறுபடியும் பெங்களூர்தான்.

சங்கரபாண்டிக்குத் தலைகால் புரியவில்லை. டீக்கடையானாலும் பஸ் ஸ்டாண்டானாலும் எதிர்ப்பட்டவன் போனைப் பிடுங்கிச் செயலியை ஏற்றிவிட்டுத்தான் மறுவேலை. போனில் இடமில்லை என்றவனுடைய குட்மார்னிங் படங்களையெல்லாம் அவரே அழித்து இடம் பண்ணினார். போலீஸ் கை, யார் கேட்க முடியும்? காலையில் பைக்கை எடுத்துக்கொண்டு அருவிக்குப் போய் முதல் ஆளாக அழுத்துவதும் அவர்தான். எதை அழுத்துவார்? 'நல்லா விழுது' என்பதைத்தான். ஆட்டோ ஸ்டாண்டும் பழக்கடைகளும் அப்படியே. மூன்றாவது பட்டனைத் தொட ஊரில் ஒரு விரல் இல்லை.

திடீரென்று சாரல் மழை நின்றது. அருவி நூலாகி, அதுவும் அற்றுப்போனது. செயலி மட்டும் பச்சைப் பசேலென்று இருந்தது. மதுரையிலிருந்து பிள்ளைகுட்டிகளோடு வந்து ஏமாந்த ஒருவர் ஒற்றை நட்சத்திரம் கொடுத்து, இதைச் செய்தவளுக்கு வெட்கமே கிடையாதா என்று எழுதினார். அவரைத் தொடர்ந்து ஆளாளுக்கு ஏசினார்கள். இப்படியே போனால் எங்களுக்கு வேண்டாம் என்று கம்பெனியும் சொல்லிவிட்டது.

வெட்கம் இல்லையாமா, என் மகளுக்கா என்று சங்கரபாண்டிக்கு ரத்தம் கொதித்தது. எவன் அவன் என்று கேட்க மாடிக்கு ஏறினார். மாரிச்செல்வி கண் சிவக்கக் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்பா, ஆப்புக்கு எழுதுன கோடிங்ல எங்கனயோ தப்பு பண்ணிட்டேன். தேடித் தேடிப் பாக்குதேன், சிக்க மாட்டேங்கு. நீ தெனமும் நேர்ல போயி பாத்துப் போடுத. அதுவே தப்பாக் காட்டுதுன்னா என் மேலதான தப்பு?"

அப்பன் அழுத்தியது பொய்யாக இருக்கும் என்று அவளுக்குத் தோன்றக்கூட இல்லையே.

"கோடிங்ல ஒரு தப்பும் இல்லட்டி. தண்ணி இல்லாமயே நாந்தான் அமுக்குனேன்" என்றார்.

அவள் கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அவள் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு எழுந்துபோனாள். பைக்கை எடுத்துக்கொண்டு நேரே குற்றாலம் போனார். காய்ந்த பாறையைப் பார்த்தபடி மூன்றாவது பட்டனை அழுத்தினார்.

அருவிப் பக்கத்து ஆட்டோ ஸ்டாண்டில் சவாரி இல்லாமல் போனை நோண்டிக்கொண்டிருந்த இசக்கிமணி, மெயின் அருவி சிவப்பாக மாறியதைப் பார்த்துவிட்டு ஓடிவந்தான். நீங்களே ஊர் மானத்தை வாங்கலாமா அண்ணாச்சி என்று கேட்டான்.

"அருவி மானத்த அருவி பாத்துக்கிடும்லே. நாலு மழை பெஞ்சா தன்னால வந்துரும். எம் மக பேச்சுக்கு மதிப்பு போச்சுன்னா, அது எந்த மழையில வரும்? எடுலே போனை."

அன்று ஆட்டோ ஸ்டாண்டு முழுக்க உண்மையை அழுத்தியது. மூன்று அருவியும் சிவப்பானது. நல்லவேளை பார்த்தோம், வீண் அலைச்சல் மிச்சம் என்று வெளியூர்க்காரர்கள் பாராட்டி எழுத ஆரம்பித்தார்கள். தன் ஊரில் தண்ணி இல்லை என்று ஊர்க்காரனே சொல்கிறான் என்றால் அதை நம்பலாம் என்று கம்பெனிக்காரர்களும் இறங்கி வந்தார்கள். மாரிச்செல்வி பெங்களூர் வீட்டைக் காலி செய்துவிட்டாள்.

ஆடியில் மறுபடியும் சாரல் பிடித்தது. மெயின் அருவியில் பாதுகாப்பு வளைவைத் தொட்டுக்கொண்டு தண்ணீர். சங்கரபாண்டி ஆட்டோ ஸ்டாண்டில் நின்றபோது தாம்பரத்து மச்சினனின் போன் வந்தது. வழக்கமான கேள்விதான்.

"கொட்டுது மாப்ளே, கெளம்பி வாங்க" என்றார், இந்தத் தடவை நிஜமாகவே.

"செத்த இருங்கத்தான். மாரி ஆப்புல என்ன போட்டிருக்குன்னு பாத்துட்டுச் சொல்லுதேன்" என்று மச்சினன் போனை வைத்துவிட்டான்.

வேறு நேரமாக இருந்தால் அந்த மரியாதைக்குறைவுக்கு ஒரு வருஷம் பேச்சை நிறுத்தியிருப்பார். இப்போது மீசையைத் தடவிக்கொண்டு ஸ்டாண்டு முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார்:

"கேட்டியளா? என்னைய நம்ப மாட்டானாம். எம் மகளத்தான் நம்புவானாம்."