கண்ணாடி இறாலுக்கு என்ன நிறம்

என் கண்ணைப் பற்றி நானே பெருமையடிக்காவிட்டால் வேறு யார் அடிப்பார்கள் என்று இருபத்தெட்டு வருஷம் அடித்துவிட்டேன். கிள்ளானுக்குப் பக்கத்தில் மேரு என்ற ஊரில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் எனக்குத் தரம் பார்க்கிற வேலை. கையுறைக்குள் தண்ணீர் ஊற்றித் தொங்கவிடுவோம். ஓட்டை இருந்தால் சொட்டும். சொட்டுவதைப் பார்க்கக் கழுகுக் கண் தேவையில்லை என்பதை மட்டும் நான் யாரிடமும் சொன்னதில்லை. ஐம்பது தாண்டி வெள்ளெழுத்து வந்தபோதும் சொல்லவில்லை. கோயிலில் பைபிள் வாசகம் வாசிக்கக் கூப்பிட்டால் தொண்டை கட்டிவிட்டது என்பேன். செல்பேசியைக் கை நீட்டித் தள்ளிப் பிடிப்பேன். ஆண்டவர் எனக்குக் கையை இன்னும் கொஞ்சம் நீளமாகப் படைத்திருக்கலாம்.

மகள் கேரன் கோலாலம்பூரில் நல்ல ஆடிட் வேலையை உதறிவிட்டு, சபா மாநிலத்தில் மாபுல் தீவுக்குப் போய் இரண்டு வருஷம் ஆகிறது. அங்கே கடலுக்கடியில் ஆட்களைக் கூட்டிப்போய்க் காட்டுகிற வேலை. சுறாவையோ திமிங்கலத்தையோ காட்டினாலும் பரவாயில்லை. நகத்தளவு நண்டு, அரிசியளவு இறால், இவற்றைப் பார்க்கத்தான் எங்கெங்கிருந்தோ வருகிறார்களாம். "மீன் பாக்கணும்னா கிள்ளான் பாசார்ல பாக்கலாமே" என்று நான் ஒருமுறை சொல்லித் தொலைத்தேன். அதிலிருந்து அவள் என்னிடம் சரியாகப் பேசுவதில்லை. போன கிறிஸ்மஸுக்கு வந்தபோது சண்டை முற்றிவிட்டது.

"டாடி, நீங்க வந்து மூனு தடவ டைவ் பண்ணுங்க. பண்ணிட்டும் இங்க ஒன்னும் இல்லன்னு சொன்னீங்கன்னா, நான் பேக்க தூக்கிட்டு வீட்டுக்கு வந்துர்றேன். பிராமிஸ்."

என் மனைவி மகதலேனாவுக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது. நான் புறப்பட்ட அன்றே எங்கள் பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டில் கேரனின் கட்டிலுக்குப் புது விரிப்பு போட்டுவிட்டாள். "ஒன்னும் இல்லன்னு சொல்லுங்க. பிள்ளய கூட்டிக்கிட்டு வாங்க. வேற ஒன்னும் பேச வேணாம்" என்று வாசலில் நின்று பாடம் சொல்லி அனுப்பினாள்.

மாபுலில் அந்த ரப்பர் உடைக்குள் என்னைத் திணிக்க இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். அரைநாள் இடுப்பளவு தண்ணீரில் மூச்சுவிடப் பழக்கிய பிறகு, கேரன் என் கையைப் பிடித்து மெதுவாகக் கீழே கூட்டிப்போனாள். எட்டு மீட்டர் ஆழம். மணலில் ஒரு கல். அதைச் சின்ன இரும்புக் குச்சியால் சுட்டிக்காட்டி, கண்கள் விரிய என்னைப் பார்த்தாள். நானும் குனிந்து பார்த்தேன். கல்தான் தெரிந்தது, அதுவும் கலங்கலாக. விரல்களை வளையமாக்கி 'ஓகே' காட்டினேன். அடுத்த கல். 'ஓகே'. ஒரு பவளக் கிளை. இரண்டு கையாலும் 'ஓகே'.

மேலே வந்ததும், "பாத்தீங்களா டாடி? பாத்தீங்களா?" என்று படகில் குதித்தாள். ஒன்றும் தெரியவில்லை என்று சொல்லியிருந்தால் அது சத்தியம். மனைவி சொன்ன வேலையும் முடிந்திருக்கும். கழுகுக் கண் அம்புரோஸ் வாயிலிருந்து அது வந்தால்தானே!

"பாத்தேன்லா. சூப்பர்" என்றேன்.

இரண்டாவது முறையும் அதே கதை. இந்த முறை அவள் படகில் நோட்டை விரித்து, பார்த்ததையெல்லாம் எழுத உட்கார்ந்தாள். "கடைசியா காட்டுன எறா என்ன கலர் டாடி?"

"நல்ல ஆரஞ்சு. கொஞ்சம் செவப்பும் இருந்துச்சு."

பேனா நின்றது. "அது கண்ணாடி எறா. அதுக்குக் கலரே கெடையாது."

"வெளிச்சம் அப்பிடி பட்டுச்சு" என்றேன். குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டக்கூடாதல்லவா?

அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "ஒன்னுமே தெரியலயா டாடி? மொதல்லேர்ந்தா?"

தலையாட்டினேன்.

"அப்ப ஒன்னும் இல்லன்னு சொல்லியிருக்கலாமே. நீங்க ஜெயிச்சிருப்பீங்க. நான் வந்திருப்பேன். ஏன் பாத்தேன்னு சொன்னீங்க?"

உன் சந்தோஷத்தைக் கெடுக்க மனம் வரவில்லை என்று அளக்கலாமா என்று பார்த்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை. "கண்ணு தெரியலன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு" என்றேன்.

அவள் ஒரு டப்பாவைத் திறந்தாள். உள்ளே பிறை வடிவத்தில் குட்டிக் குட்டி லென்ஸுகள். "இங்க வர்ற அங்கிள் பாதிப் பேருக்கு இதான் போடுறோம். கேட்டிருந்தா மொத நாளே ஒட்டிக் குடுத்திருப்பேன்" என்று சொல்லி, என் முகமூடியின் கீழ்ப்பக்கத்தில் இரண்டை ஒட்டினாள்.

மூன்றாவது முறை இறங்கினோம். குச்சியின் நுனியில், கடற்பஞ்சின் ஓரத்தில், ஒரு மஞ்சள் பயறு. பயறுக்குக் கண் இருந்தது. கால் போல இரண்டு துடுப்பு. தவளைமீன் குஞ்சு. மூன்று மணி நேரம் விமானத்தில் வந்த என்னைப் பார்த்து அது வாயைப் பிளந்து கொட்டாவி விட்டது.

அதற்குப் பக்கத்தில் கேரனின் கையும் தெளிவாகத் தெரிந்தது. என் காலில் மாட்டியிருந்த துடுப்பு கிளப்பும் அலை மீன்மேல் படாமல் உள்ளங்கையால் அணை கட்டியிருந்தாள். விரலெல்லாம் பவளம் கீறிய தழும்புகள். அந்தக் கை அசையவே இல்லை. பாட்டு கிளாஸிலும் டியூஷனிலும் ஐந்து நிமிஷம் ஒழுங்காக உட்காராத பிள்ளை. எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது. இரண்டு வருஷமாக அவளோடு மல்லுக்கு நின்றதை நினைத்தால் அவ்வளவு கேவலமாகவும் இருந்தது.

படகில் அவள் எதுவும் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன்: "இருக்கு. நீ இங்கயே இரும்மா."

வீட்டுக் கதவைத் திறந்த மகதலேனா என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் லிஃப்டைப் பார்த்தாள். "கேரன் எங்க?"

"நான்தான் இருக்கச் சொன்னேன்."

"அப்பிடி என்னதான் இருக்காம் அங்க?"

சுண்டுவிரல் நகத்தைக் காட்டினேன். "இவ்ளோ பெருசுல ஒரு மீன்."

அவள் என் நகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். "இத்துனூண்டு மீனுக்கா என் பிள்ளய விட்டுட்டு வந்தீங்க?"

ஆமாம் என்றேன். சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது.